எய்து பார்க்காத அம்பு

வேட்டை அம்புக்கு நூறு கிரெய்ன் முனை நல்லதா, நூற்றிருபத்தைந்து நல்லதா என்று கேட்டு இனி யாரும் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னும் கிழமைக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பழைய வேலைத்தலத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், அவர்களிடம் என் இலக்கத்தை வாங்கிய வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். உள்ளங்கையில் மூன்று முனைகளை வைத்துப் படம் எடுத்து, கீழே "எது?" என்று ஒரு சொல். வில் எது என்று சொல்வதில்லை. தண்டு எது என்று சொல்வதில்லை. என்ன மிருகம் என்றும் சொல்வதில்லை. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, நோயைச் சொல்லாமல் "எத்தனை மில்லிகிராம்?" என்று மட்டும் கேட்பவனை என்ன செய்வது?

ஒருமுறை முழுவதையும் எழுதிவிடுகிறேன். கேட்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

நான் ஜேர்மனியில், வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் ஒரு வில்லம்புக் கடையின் பட்டறையில் இருபத்துநான்கு வருடம் அம்பு பொருத்தினேன். நம்மவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒருவர் கேட்டார்: "அம்பு செய்யிறியளோ அண்ணை? சூரன்போருக்கோ?" அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். ஆனால் வில் விற்கலாம், வேட்டை முனையும் விற்கலாம். வேட்டைப் பரீட்சை எழுதித் தேறியவர்களில் சிலர் ஹங்கேரிக்கும் பிரான்சுக்கும் ஆபிரிக்காவுக்கும் போய் அங்கே வில்லால் வேட்டையாடுகிறார்கள். அவர்களுக்கான அம்பு எங்கள் பட்டறையில் பொருத்தப்பட்டது. வேட்டை சரியா பிழையா என்று என்னிடம் வாதாட வராதீர்கள். நான் சைவம் இல்லை. அம்பு போய்ச் சேரும் இடத்தை நாங்கள் ஒருநாளும் பார்ப்பதில்லை என்பதுதான் எங்கள் தொழிலில் உள்ள சிக்கல். தச்சன் தான் செய்த கதிரையில் ஆள் இருப்பதைப் பார்ப்பான். நாங்கள் பெட்டியை மூடிக் கொடுப்போம். அது எல்லை தாண்டிப் போய்விடும்.

அதற்கு முன் என்ன செய்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகதி முகாம், உணவகத்தில் கோப்பை கழுவல், பிறகு ஒரு திருகாணித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. சின்ன உலோகத் துண்டுகளை நிறுத்துப் பழகிய கை என்று வேலைவாய்ப்பு அலுவலகம் என்னை இந்தக் கடைக்கு அனுப்பியது. அதுவரை நான் வில்லைத் தொட்டதில்லை.

கடை முதலாளி ஹெர் லோமன். உயரமானவர், மெதுவாக நடப்பவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன். வேலைக்குச் சேர்ந்த முதலாவது மாதம் ஒரு பெட்டியில் நூறு கிரெய்ன் என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, வாடிக்கையாளரின் அட்டையில் நூறு என்று எழுதினேன். அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"நிறுத்ததா, வாசித்ததா?"

"வாசித்தது."

அவர் பெட்டியிலிருந்து மூன்று முனைகளை எடுத்துத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். தொண்ணூற்றெட்டு. நூற்றொன்று. நூற்றுமூன்று. மூன்றையும் துணியின் மேல் வரிசையாக வைத்தார். நான் எழுதிய அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். அவ்வளவுதான். அதன் பிறகு நான் ஒரு முனையையும் வாசித்தது இல்லை.

கிரெய்ன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு கிராமில் பதினைந்து கிரெய்னும் கொஞ்சமும் இருக்கும். நூறு கிரெய்ன் முனை ஆறரைக் கிராம். ஒரு தேக்கரண்டி சீனியை விடக் கொஞ்சம் கூட. இதில் இருபத்தைந்து கூடினால் என்ன, ஐம்பது கூடினால் என்ன என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

அம்பு நேராகப் பறப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். பறப்பதில்லை. நாண் பின்னாலிருந்து தள்ளுகிறது. முனை முன்னால் நகர மறுக்கிறது. நடுவில் அகப்பட்ட தண்டு வளைகிறது. பாம்பு போல நெளிந்துதான் அம்பு வில்லை விட்டு வெளியேறுகிறது. முனை பாரமானால் வளைவு கூடும். அந்த வளைவைத் தாங்கும் விறைப்பு தண்டுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்பு கோணலாக வெளியேறும். பயிற்சி முனை என்றால் பெரிய பிழை தெரியாது, அது மழுங்கிய சின்ன உருளை, பின்னாலுள்ள இறகுகள் அம்பைத் திருத்திவிடும். வேட்டை முனை அப்படி இல்லை. அதற்குச் சவர அலகு போன்ற கத்திகள் உண்டு. அம்பின் தலையிலும் சிறகு பூட்டியது போலத்தான். கோணலாகப் புறப்பட்டால் அந்தக் கத்திகள் காற்றைப் பிடித்து அம்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே முனையின் பாரம் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி மிருகம். இரண்டாவது, எத்தனை மீற்றரில் நின்று எய்வீர்கள். மூன்றாவது வில். வில்லில் எழுதியிருக்கும் இழுவிசையை நம்பக் கூடாது. வாடிக்கையாளர் இழுக்கும் நீளத்துக்கு இழுத்துத் தொங்குதராசில் பார்க்க வேண்டும். அதன் பிறகு தண்டு. தண்டின் நீளம், விறைப்பு. இவை எல்லாம் தெரிந்த பிறகு முனைக்குத் தெரிவு செய்ய அதிகம் மிச்சம் இருக்காது. பாரம் குறைந்த முனை வேகமாகப் போகும், தூரத்தைக் கொஞ்சம் பிழையாகக் கணித்தாலும் சமாளிக்கும். பாரமான முனை மெதுவாகப் போகும், ஆனால் எலும்பில் பட்டாலும் உள்ளே போகும். காட்டுப்பன்றிக்குப் பாரம் தேவை. சிறுமானுக்குத் தேவையில்லை. ஒரு பல்வைத்தியர் சிறுமானுக்கு இருநூறு கிரெய்ன் கேட்டு வந்து நின்றார், இணையத்தில் பார்த்தாராம். ஹெர் லோமன் அவரைக் கேட்டார்: "நீங்கள் எய்யப் போவது மானையா, கதவையா?"

கடையில் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு வேட்டை அம்புத் தொகுதிக்கும் ஒரு மஞ்சள் அட்டை. பெயர், வில், அளந்த இழுவிசை, தண்டு, நிறுத்த முனை. கடைசியாக ஒரு கட்டம்: எய்து பார்த்தது. கடைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் வாடிக்கையாளர் தன் சொந்த வில்லால் மூன்று அம்பு பயிற்சி முனையோடு எய்ய வேண்டும், மூன்று அம்பு வேட்டை முனையோடு எய்ய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் பொருத்தியவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாத பெட்டி கடையை விட்டு வெளியே போகாது. அட்டையில் ஒரு பிரதி பெட்டிக்குள், ஒரு பிரதி ஹெர் லோமனின் மேசை லாச்சிக்குள்.

நேரமில்லை என்று எத்தனையோ பேர் சண்டை பிடித்தார்கள். வக்கீல், கட்டட ஒப்பந்தக்காரர், ஓய்வு பெற்ற பொலிஸ் அதிகாரி. "கேற் நிஷ்ற்" என்று இரண்டு சொல்லில் மறுப்பேன். அவர்கள் கத்தினால் நானும் கத்துவேன். ஒரு ஜேர்மன்காரருக்கு ஜேர்மன் மொழியில் "இயலாது" என்று சொல்வதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை. சட்டம் சட்டம்தான் என்றால் அவர்களுக்கும் விளங்கும். முணுமுணுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவார்கள்.

பத்தொன்பது வருடம் இப்படியே போனது. அதன் பிறகு இளங்கோ வந்தார்.

இளங்கோ திருநெல்வேலிக்காரர். டுசல்டோர்பில் மென்பொருள் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும், என் உயரம்தான். ஜேர்மன் மொழியில் வேட்டைப் பரீட்சை எழுதி இரண்டாவது தடவையில் தேறியிருந்தார். அந்தப் பரீட்சையில் ஜேர்மன்காரர்களே தோற்பார்கள். கூடப் படித்த நாலு பேர் அவரைத் தங்கள் வேட்டைக் குழுவில் சேர்த்துக்கொண்டு, செப்ரெம்பரில் ஹங்கேரிக்குச் செம்மான் வேட்டைக்குக் கூட்டிப் போவதாக இருந்தது.

அத்தனை வருடத்தில் அந்த மேசைக்கு மறுபக்கம் வாடிக்கையாளராக வந்து நின்ற முதல் தமிழன் அவர்தான். என் பெயரைச் சட்டையில் பார்த்துவிட்டு, "அண்ணா, தமிழா?" என்றார். நான் சந்தோசப்பட்டேன். அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

ஒழுங்காகத்தான் தொடங்கினேன். அறுபது இறாத்தல் வில். அதற்கு ஏற்ற தண்டு. நூறு கிரெய்ன் முனை, நிறுத்துப் பார்த்தது. மண்டபத்தில் மூன்றும் மூன்றும் எய்தார். ஆறும் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. கையெழுத்துப் போட்டேன். அவர் அந்த அட்டையைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

பயணத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, கடை பூட்ட அரை மணி நேரம் இருக்கும்போது பெட்டியோடு திரும்பி வந்தார்.

"அண்ணா, ஒரு சின்ன ஹெல்ப்ணா. முனைய மட்டும் மாத்திக் குடுங்க. ஒன் ஃபிஃப்டி."

"ஏன், நூறுக்கு என்ன வந்தது?"

"வீடியோல எல்லாரும் ஒன் ஃபிஃப்டிதான் சொல்றாங்க. ரெட் டீருக்கு நூறு பத்தாதாம்."

"ஆர் சொன்னது? அந்த வீடியோக்காரன் உங்கட வில்லை இழுத்துப் பாத்தவனோ?"

சிரித்தார். ஆனால் பெட்டியை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

"தம்பி, முனையை மாத்தினா தண்டையும் மாத்த வேணும். இந்தத் தண்டு நூற்றைம்பதுக்குக் காணாது, வளைஞ்சு போகும். விறைப்பான தண்டு கையில இல்லை. திங்கக்கிழமைதான் வரும்."

"திங்கக்கிழமை நான் காட்டுல இருப்பேன்ணா."

"அப்ப நூறோட போங்கோ. கத்தி கூரா இருந்தா, சரியான இடத்தில பட்டா, நூறுக்கும் மான் விழும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "குரூப்ல எல்லாரும் ஹெவிதான் வெச்சிருக்காங்க. நேத்து மெசேஜ்ல போட்டோ போட்டாங்க. நான் மட்டும் நூறுன்னு போட்டேன், ஒருத்தர் கொசு படம் போட்டுச் சிரிக்கிறார். ஏற்கெனவே நான்தான் அங்க புதுசு. உங்களுக்குப் புரியும்ல?"

எனக்குப் புரிந்தது. அதுதான் கேடு. திருகாணித் தொழிற்சாலையில் சாப்பாட்டு மேசையில் நான் எதற்கெல்லாம் சேர்ந்து சிரித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"எய்து பாக்காமல் குடுக்க ஏலாது, தம்பி. நாளைக்கு வில்லுக் கழகத்துப் போட்டி. ஹாலுக்குள்ள மேசை, பலகை எல்லாம் அடுக்கியாச்சு. எய்ய இடமில்லை."

"நீங்க பாத்துச் சொன்னா போதும்ணா. உங்களுக்குத் தெரியாததா? நம்ம ஆளுங்கதானே நாம."

ஹெர் லோமன் அன்று தெற்கே ஒரு வேட்டைக் கண்காட்சிக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. அவர் இல்லாத நாட்களில் எத்தனையோ பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜேர்மனில் இரண்டு சொல்லில் சொல்வதைத் தமிழில் அண்ணா என்று கூப்பிடுகிறவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பெரிய ஆள் மாதிரி நடக்கிறான் என்று நினைப்பாரோ என்ற வெட்கம். இதற்கு வேறு பெயர் தேடி நேரத்தை வீணாக்கவில்லை. கோழைத்தனம்தான்.

ஆறு முனைகளையும் நிறுத்தேன். எல்லாம் நூற்றைம்பது, இல்லாவிட்டால் நூற்றைம்பத்தொன்று. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்டில் திருகி, உருளையில் சுழற்றி, நுனி ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆடவில்லை. புது அட்டை எழுதினேன். கடைசிக் கட்டத்தில் "மூன்றும் மூன்றும், ஒரே இடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இளங்கோ என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை வந்தார். தோளில் வில், கையில் பெட்டி. ஹெர் லோமன் மேசையில் நின்றார். நான் பின்னால் பட்டறை மேசையில் ஒரு தண்டுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தேன். இடையில் கதவு இல்லை, எல்லாம் கேட்கும்.

வில்லை விற்றுத் தர முடியுமா என்று இளங்கோ ஜேர்மனில் கேட்டார். ஏன் என்று ஹெர் லோமன் கேட்டார்.

அவர் நின்றபடியே சொன்னார். இருபது மீற்றர். தூரம் கருவியால் அளந்தது. செம்மான் இடதுபக்கம் பார்த்தபடி குறுக்காக நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சைக் குறிவைத்தார். அம்பு நெஞ்சுக்குப் போகவில்லை. பின்னால், கீழே, வயிற்றில் பட்டது. வயிற்றில் பட்ட மான் உடனே விழாது. வேதனையோடு ஓடி எங்கேயாவது படுக்கும். சில மணி நேரம் விட்டுத்தான் தேட வேண்டும், இல்லாவிட்டால் எழும்பி இன்னும் தூரம் ஓடும். அவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது மழை வந்தது. நாயோடு ஒருவர் வந்தார். இரத்தத் தடம் சோளத் தோட்டம் வரைக்கும் போய், அங்கே இல்லாமல் போனது. மான் கிடைக்கவில்லை.

"யாரும் என்னைத் திட்டவில்லை. திரும்பி வரும்போது பதினொரு மணி நேரம் காரில் உதைபந்தாட்டம் பற்றிப் பேசினார்கள். அதற்குப் பிறகு குழுவில் எனக்குச் செய்தி வரவில்லை" என்றார்.

ஹெர் லோமன் லாச்சியைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். விரலால் வரிவரியாகப் பார்த்தார். அட்டையைத் திருப்பி இளங்கோவுக்குக் காட்டினார். காட்டும்போது அவர் குரல் இரக்கமாகத்தான் இருந்தது.

"அம்பில் பிழை இல்லை. நூற்றைம்பது, இங்கே எய்து பார்க்கப்பட்டிருக்கிறது, ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. கையெழுத்து இருக்கிறது. மிருகம் முன்னால் நிற்கும்போது கை நடுங்கும். எனக்கும் நடுங்கியிருக்கிறது."

தான் மண்டபத்தில் நூற்றைம்பதோடு ஒரு அம்பும் எய்யவில்லை என்பது இளங்கோவுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் என் வேலை போகும், அவர் திறந்தாலும் போகும் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தமிழில் சொன்னார்:

"விடுங்கண்ணா. என் கைதான்."

வில்லையும் பெட்டியையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் தண்டைத் துணியால் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த தண்டு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குசினிக் குழாய் ஒழுகுது என்று மனுசியோடு சண்டை பிடித்தேன். "குழாய் மூண்டு மாதமா ஒழுகுது. இண்டைக்கு உங்களுக்கு என்ன?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் இளங்கோவின் வில்லையும் அவருடைய மிச்ச அம்புகளையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மூன்று பயிற்சி முனை: நடுவில். மூன்று வேட்டை முனை: ஒரு கை அகலம் வலப்பக்கம், நாலு விரல் கீழே. ஒருவேளை என் கையோ என்று திரும்ப எய்தேன். அதே இடம். ஐந்து தடவை எய்தேன். ஐந்து தடவையும் அதே இடம். இடப்பக்கம் பார்த்து நிற்கும் மானின் நெஞ்சிலிருந்து ஒரு கை அகலம் வலப்பக்கம், நாலு விரல் கீழே போனால் என்ன இருக்கிறது என்று நான் எழுதத் தேவையில்லை.

அம்புகளைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படியே விட்டுவிட்டு ஹெர் லோமனைக் கூட்டி வந்தேன். அவர் இலக்குப் பலகைக்குப் பக்கத்தில் போய், இரண்டு கூட்டத்துக்கும் இடையில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தார்.

"இது யாருடைய அம்பு?"

சொன்னேன்.

"அன்றைக்கு எய்து பார்த்ததா?"

"இல்லை."

அவர் கையைப் பலகையிலிருந்து எடுத்தார். பிறகு சொன்னார்: "அப்படியென்றால் சனிக்கிழமை அந்த மனிதருக்குப் பொய் சொன்னது நான்."

நீ பொய்யன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குள்ளே ஆத்திரம் இருந்தது, கத்துவதற்கு ஆள் இல்லை. அவர் லாச்சியிலிருந்து அட்டையை எடுத்து, என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "எய்யப்படவில்லை" என்று எழுதித் தன் கையெழுத்தை வைத்தார். இனி ஒரு வருடத்துக்கு என் அட்டைகளில் வேறு ஒருவர் எய்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்றார். அட்டையை என்னிடம் தந்தார்.

"அவரிடம் போ. தொலைபேசியில் வேண்டாம்."

அன்று பின்னேரமே ரயில் எடுத்தேன். இளங்கோவின் மனைவி கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும், "வாங்கண்ணா. இவர் ரெண்டு வாரமா சரியா வாயத் திறக்கல. நீங்களாவது பேசுங்க" என்றார். மனைவிக்கு முன்னாலேயே இளங்கோவிடம் சொன்னேன். தண்டு தாங்காது என்று தெரிந்தே பொருத்தியதை. இன்று எய்து பார்த்ததை. ஐந்து தடவையும் ஒரே இடத்தில் விழுந்ததை. அட்டையை மேசையில் வைத்தேன்.

நிம்மதிப்படுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். என்ன மடத்தனம். இளங்கோ எழுந்து நின்றார்.

"சனிக்கிழம உங்க ஓனர் முன்னாடி நான் என்னா மாதிரி நின்னேன்னு பாத்தீங்கல்ல? ரெண்டு அடி தள்ளித்தானே நின்னீங்க?"

"ஓம். பாத்தனான்."

"நீங்க வேலை போயிரும்னு பயந்தீங்க. சரி, அதுக்குத்தான் நானும் வாய மூடுனேன். ஆனா தண்டு தாங்காதுன்னு தெரிஞ்சே அஞ்சு சென்டிமீட்டர் அகலக் கத்தியக் குடுத்து என்னைய அனுப்பியிருக்கீங்க."

"நாலு" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்கம். அவர் மனைவி தலையில் கை வைத்தார்.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம்" என்றார் இளங்கோ. "வியாழக்கிழம அவங்க நாலு பேரும் கூடுவாங்க. என்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுங்க."

அந்த நாலு பேரும் எங்கள் கடையின் வாடிக்கையாளர்கள். அதில் இருவருடைய அம்புகளை நானே பொருத்தியிருந்தேன். ஹெர் லோமனிடம் கேட்டேன். "போகத்தான் வேண்டும்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

வியாழக்கிழமை டுசல்டோர்புக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறை. சுவரில் மான் கொம்புகள். நாலு பேரும் பியரோடு இருந்தார்கள். இளங்கோவைக் கண்டதும் அவர்கள் பேச்சு நின்றது. நான் உட்காரவில்லை. நின்றபடி சொன்னேன். என் ஜேர்மன் இலக்கணம் அழகானதில்லை, ஆனால் இதற்கு அதிகம் இலக்கணம் தேவைப்படவில்லை. அம்பை நான் பொருத்தினேன். முனை தண்டுக்குப் பாரம். எய்து பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். இவர் குறி பிழைக்கவில்லை.

பெரிய மீசைக்காரர் ஒருவர் கேட்டார்: "எங்கள் அட்டைகளிலும் உங்கள் கையெழுத்துத்தானே இருக்கிறது?"

"ஆம்."

"அதையும் எய்து பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். நீங்கள்தான் எய்தீர்கள். ஆனால் இனி என் சொல்லை நம்ப வேண்டாம். பெட்டியைக் கொண்டுவாருங்கள், வேறு ஒருவர் பார்ப்பார்."

மீசைக்காரர் பியரைத் தள்ளி வைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், கொசுப் படம் போட்டவர் அவர்தான் என்று பிறகு அறிந்தேன், எழுந்து பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்து வந்து இளங்கோவுக்குப் போட்டார். எனக்குக் கதிரை போடவில்லை. அது சரிதான்.

மறுகிழமை இரண்டு பேர் பெட்டியோடு கடைக்கு வந்து திரும்ப எய்து பார்த்தார்கள். மற்ற இருவரும் அதன் பிறகு எங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை.

அந்த வியாழக்கிழமை இரவு இளங்கோ என்னை ரயில் நிலையம் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார். நிலையத்தில் இயந்திரத்தை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை.

"நூறு போதும்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. அது எனக்குத் தெரியும்ணா."

நான் கதவுப் பிடியில் கை வைத்தபடி இருந்தேன்.

"மூணாவது நாள் அவங்க எல்லாம் வேற பக்கம் வேட்டைக்குப் போயிட்டாங்க. நானும் நாய்க்காரரும் மட்டும் தேடுனோம். மதியத்துக்கு மேல அவரும் போதும்னுட்டார். நான் தனியா அந்தச் சோளத்துக்குள்ள நடந்தேன். எங்கயாச்சும் மூச்சுச் சத்தம் கேக்குதான்னு நின்னு நின்னு நடந்தேன்." சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் இவங்ககூட இனி உக்காந்து பேசிக்கலாம். நீங்க உங்க ஓனர்கூட வேலை பாத்துக்கலாம். அந்த மான் அங்க எத்தனை நாள் கிடந்துதோ."

"ஓம்" என்றேன். வேறு சொல் இருந்தால் சொல்லியிருப்பேன். நான் பேச்சுக்குப் பஞ்சமான ஆள் இல்லை.

ரயில் வரும் அறிவிப்புக் கேட்டது. இறங்கிக் கதவைச் சாத்தினேன்.